வடகிழக்கு மூலை

மால்காஸ், உன் கடிதம் கிடைத்தது.
ஓவியத்துக்கு வெயில் ஆகாது,
ஈரம் ஆகாது, நாய் ஆகாது என்று
ஏழு பக்கம் எழுதியிருக்கிறாய்.
எட்டாம் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

குட்டாய்ஸி வந்த முதல் நாள்,
ரியோனி ஆற்றின் இரைச்சல் எட்டும் அந்தப் பூங்காவில்
நாற்பத்தாறு அளவுக்குச்சிகள் நட்டோம்.
மறுநாள் எண்ணினால் முப்பத்தொன்பது.
மீதி ஏழும்
நார்டி ஆடுகிறவர்களின் மேசையைச் சுற்றி
கோட்டு மாட்ட நிற்கின்றன.
"உங்கள் கட்டடம் எழும்புகிறவரை
எங்கள் கோட்டு தரையில் கிடக்கணுமா?"
பகடையை உருட்டியபடியே கேட்டார் ஒருவர்.
ஐந்தும் ஆறும் விழுந்தன.
அதோடு என்னை மறந்துவிட்டார்.

வடகிழக்கு மூலைக்குச்சியை மட்டும்
யாரும் தொடவில்லை.
அதை ஒட்டி ஒரு நாய் உறங்கியது.
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை,
அதில் எண்.
என் அனுமதிக் கடிதத்துக்கு
இன்னும் எண் விழவில்லை.

அப்புறம்தான் அந்தத் தடம்.
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
பிரசவ ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தொடங்கி
பேருந்து நிறுத்தம்வரை
புல்லைக் குறுக்கே கீறிக்கொண்டு போகிறது.
காகிதத்தில் வைத்துப் பார்த்தேன்:
என் பெரிய கூடத்தின் வயிற்றில் நுழைந்து
முதுகில் வெளியேறியது.

"வேலி போடுவோம்,
ஒரே மழையில் புல் மூடிவிடும்" என்றார் பொறியாளர்.
மூடிவிடும்தான்.

ஒரு வாரம் விடியலில் போய் உட்கார்ந்து எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
ரொட்டியைக் குழந்தைபோல் ஏந்திய ஒரு பெண்,
குழந்தையை ரொட்டிபோல் சுற்றிய ஒரு தகப்பன்,
இரவுப் பணி முடிந்த தாதிகள்.
அவர்களில் நேலி
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.
"பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியின் கால்.
இந்த ஈரத்தில் வைத்தால்தான்
என்னுடையதாகிறது."
அருங்காட்சியகம் பற்றிச் சொன்னேன்.
நல்லது, என்றாள்.
உள்ளே வர நேரமிருக்காது.
வழியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதனால் கட்டடத்தை இரண்டாக வெட்டிவிட்டேன்.

வெட்டின் நடுவே தடம் மண்ணாகவே கிடக்கும்.
கல் பாவ மாட்டேன், கேட்காதே.
இருபுறமும் கண்ணாடி.
கூரை, புல்லின் தொடர்ச்சி;
மேட்டில் ஏறுகிறவனுக்கு
எங்கே பூங்கா முடிந்தது,
எந்தக் காலடியின் கீழ் ஓவியம் தொங்குகிறது
என்று தெரியாது.
மேட்டின் உச்சியில் செல்கோவா மரம்.
வேர் போகும் திசையைக்
கம்பியால் குத்திக் குத்தி விசாரித்து
உன் கிடங்கின் சுவரை அங்கே மடக்கினேன்.
நாற்பது சதுர மீட்டர் உனக்கு நஷ்டம்.
கோபம் நியாயம்தான்.
மரம் முன்னால் வந்தது, மால்காஸ்.

ஒன்று கேட்கிறேன்.
வெட்டின் ஓரம் ஒரே ஒரு படம்
வெளியே பார்க்கட்டும்.
வெயில் சாயும் இரண்டு மாதம் திரை இறங்கும்,
பயப்படாதே.
எந்தப் படம் என்பது உன் பாடு.
ஆனால் ஒரு வருஷம் அதை மாற்றாதே.

கணக்குப் போட்டேன்.
கண்ணாடியைக் கடக்க அவளுக்குப் பதினைந்து நொடி.
வருஷத்தில் நூற்றெண்பது இரவுப் பணி.
மொத்தம் முக்கால் மணி.
சீட்டு வாங்கி நுழைகிறவர் யார்
ஒரு படத்தின் முன்
முக்கால் மணி நிற்கிறார்?
நான் நின்றதில்லை.
நீ?

நகரசபையில் ஒருவர் மேசையில் என் மாதிரியைச்
சுற்றிச் சுற்றி வந்து,
"முகப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.
தொண்டையைச் செருமினேன்.
இன்னும் அதற்குப் பதில் இல்லை.

நேற்று மறுபடி குச்சி நட்டோம்,
நார்டி மேசைக்கென்று ஏழு கூடுதலாக.
வடகிழக்கு மூலை ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கிறது.
நாய் நகரவில்லை.
தலை புல்வெளியில்,
வால் சிற்பக்கூடத்தில்.
உள்ளேயா வெளியேயா என்று
நாடாவை நீட்டினேன்.
ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.

திரைக்கு என்ன நிறம் என்று
வியாழனுக்குள் எழுது.

மக்வாலா